சிச்சுவான் மலைப்பாதையும் எங்கள் அப்பாவும்

ஆண்டவர் எங்கள் அப்பாவை அழைத்துக்கொண்டு ஓராண்டு ஆகிறது. நன்றி ஆராதனை முடிந்து, பந்திக்குப் போகுமுன் இந்த மலரைப் புரட்டும் உறவினர்களே, நண்பர்களே, இதில் புகழ்ச்சி மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நினைவு மலரில் எல்லாரையும் பரிசுத்தவான் ஆக்கிவிடுவது நம் பக்கத்து வழக்கம். எங்கள் அப்பாவோ சரியான பிடிவாதக்காரர்கள். ஒரே மகளான எனக்கும் அதே குணம்தான் என்று அம்மா சொல்வார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது அருமனைக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே. தாத்தாவுக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலை. மழைக்காலத்தில் வெட்டு கிடையாது; வெட்டு இல்லையென்றால் மரச்சீனிக்கிழங்குதான் சாப்பாடு. ஒரு மழையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்று சரிந்து அடுத்த வீட்டை மூடிவிட்டது. உருள்பொட்டல் என்று ஊரில் சொல்வோமே, அதுதான். அப்பா அப்போது சிறு பிள்ளை. மண்ணைத் தோண்டி ஆட்களை எடுத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள்.

கஷ்டப்பட்டுப் படித்து வரலாறு, புவியியல் ஆசிரியர் ஆனார்கள். சீனாவில் சிச்சுவான் என்ற மாகாணத்தின் மேல் அப்பாவுக்கு இருந்த பைத்தியம் அவர்களிடம் படித்த எல்லாருக்கும் தெரியும். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒன்றிரண்டு வரிதான் உண்டு. அப்பா நாள்கணக்கில் நடத்துவார்கள். கடலே இல்லாத மாகாணம். சுற்றிலும் மலை, நடுவே சட்டி போலத் தாழ்ந்த செம்மண் பூமி. மேற்கே திபெத் மேட்டிலிருந்து ஆறுகள் குறுகலான பள்ளத்தாக்குகள் வழியாக இறங்கி யாங்சி ஆற்றில் சேரும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஓர் ஆளுநர் மின் என்ற ஆற்றின் நடுவில் கரை போட்டு, தண்ணீரை இரண்டாகப் பிரித்து வயலுக்குத் திருப்பினாராம். “ஏலே, பேச்சிப்பாறையில அணை கட்டி ஆத்த மறிச்சாவ. அவன் மறிக்கல்ல, பிரிச்சான். இண்ணைக்கும் அந்தத் தண்ணியிலதான் நெல்லு வெளையுது” என்று வகுப்பில் முழங்குவார்கள். போரிலும் பஞ்சத்திலும் அந்த மாகாணமே ஆளில்லாமல் போனதையும், வேறு மாகாணத்து ஏழைகள் மலை தாண்டி வந்து அதை மறுபடி நிரப்பியதையும் சொல்லும்போது மணி அடித்தாலும் நிறுத்தமாட்டார்கள்.

எனக்கு மருத்துவம் படிக்க அந்த மாகாணத்துத் தலைநகரான செங்டுவில் இடம் கிடைத்தபோது அப்பா சந்தோஷத்தில் குதித்தார்கள். அம்மா முகம் கறுத்துவிட்டது. “உங்க கிறுக்குக்கு எம்பிள்ளைய அனுப்புதிய. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் சும்மா இருக்கமாட்டேன், பாத்துக்கிடுங்க” என்றார்கள். அந்தப் பேச்சு வெறும் மிரட்டல் அல்ல.

படிப்பின் மூன்றாம் ஆண்டு விடுமுறையில், வகுப்புத் தோழர்களோடு மின் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஒரு மலையூருக்குப் போயிருந்தேன். எங்களில் நம் ஊர்ப்பக்கத்துப் புதுக்கடையைச் சேர்ந்த பையன் ஒருவனும் இருந்தான். காலையில் நிலம் அதிர்ந்தது. தங்கியிருந்த விடுதியின் சுவர் பிளந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்கு ஓடினோம். சற்று நேரத்தில் செங்டுவுக்கு ஒரு பேருந்து கிளம்பத் தயாரானது. தோழர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். நான் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு அப்பாவை அழைத்தேன். எப்படியோ லைன் கிடைத்தது.

“அப்பா, பஸ்ஸு எடுக்கப்போறான். ஏறட்டா?”

“மழை பெய்யுதா மக்கா?”

“ராத்திரியில இருந்து பெய்யுது.”

“ரோடு ஆத்த ஒட்டியா போவுது?”

“ஆமா. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் மலை. சீக்கிரம் சொல்லுங்கப்பா!”

“ஏறாண்டாம். குலுங்கின மலை, மேல மழை. அந்த வழியே வராண்டாம். மைதானத்துலயே நில்லு.”

லைன் போய்விட்டது. ஓட்டுநர் கத்தினார். புதுக்கடைப் பையன் என் கையைப் பிடித்து இழுத்தான். நான் காலை எடுத்துக் கீழே வைத்தேன். பேருந்து போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று மாலையே புதுக்கடையிலிருந்து அந்தப் பையனின் அம்மா போன் செய்தார்களாம். “எம் மொவன் செங்டு வந்து சேந்துட்டான். ஒங்க பிள்ள மட்டும் ஏறல்லியாமே? ஏனாம்?” அம்மா போனை வைத்துவிட்டு அப்பாவின் முன்னால் போய் நின்றார்கள்.

“பஸ்ஸு போய்ச் சேந்துட்டு. கேட்டியளா? எல்லாம் வீட்டுக்குப் பேசியாச்சு. எம்பிள்ள மட்டும் அஞ்ச மைதானத்துல நிக்குது. இஞ்ச கசேரியில சாஞ்சு இருந்துக்கிட்டுச் சீனாவுல ரோடு பாத்தியளோ?”

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார்களாம். இரவில் அந்தச் சாலை சரிந்து அடைபட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. “பாத்தியா, அத்தான் சொன்னது சரிதான்” என்று மாமா வாயைத் திறக்க, அம்மா சீறிவிட்டார்கள்: “அடையதுக்கு முன்னால பஸ்ஸு போயாச்சேலே! இனி அவ எப்பிடி வருவா?” போதகர் வந்து ஜெபித்தார். சபைப் பெண்கள் கூடத்தில் அமர்ந்து பாடினார்கள். அம்மா கஞ்சிகூடக் குடிக்கவில்லை. அப்பா கொண்டுவந்து வைத்த கட்டன்சாயாவைக் கையால் தள்ளிவிட்டார்கள். அப்பாவோடு ஒரே அறையில் இருக்கவும் மறுத்துவிட்டார்கள். அப்பா வாசலில் நின்றபடியே இருந்தார்களாம். வருகிறவர்கள் எல்லாம் “என்ன சாரே, இப்பிடிச் செஞ்சுபோட்டியளே” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்களாம்.

நான் மட்டும் என்ன? மைதானத்தில் தார்ப்பாய்க்குக் கீழே, நனைந்த துணியோடு, அதிர்வு வரும்போதெல்லாம் தரையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைத் திட்டித் தீர்த்தேன். பக்கத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருந்த ஒரு பெண்மணி தன் போர்வையில் பாதியை எனக்குத் தந்தார்கள். காரம் தூக்கலான சூப்பை வாயருகே கொண்டுவந்து குடிக்க வைத்தார்கள். சில நாட்கள் கழித்து ராணுவ வண்டி வந்து எங்களை வேறு வழியாக வெளியே கொண்டுபோனது.

வீட்டுக்குப் பேசியபோது போனை எடுத்தது அப்பா. என் குரல் கேட்டதும் அம்மாவைக் கூப்பிட்டார்கள். போன் அம்மா கைக்குப் போனது. “மக்கா, இனி உங்க அப்பா பேச்சைக் கேக்காண்டாம்” என்று அம்மா அழுதார்கள்.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். “பஸ்ஸு பத்திரமாட்டு போச்சுல்லா? தப்பாத்தானே சொன்னிய?”

“தப்புதான்.” அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். “ஆனா நாளைக்கு நீ அதே படியில நிண்ணு கேட்டாலும் ஏறாண்டாம்னுதான் சொல்லுவேன். பஸ்ஸு போவும், போவாம இருக்கும். மண்ணுக்குள்ள உன்னத் தோண்டி எடுக்க என்னால ஆவாது மக்கா.”

எனக்குக் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்குக் கோபம் போகவில்லை. அதன்பிறகு வீட்டில் யாரும் சிச்சுவான் என்ற பேரை எடுப்பதில்லை. அப்பா கடைசியாக மூச்சுத்திணறலில் நாகர்கோவில் மருத்துவமனையில் கிடந்தபோது, அம்மா மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தாமே கட்டிலருகே இருந்தார்கள். அப்பாவின் கை அம்மாவின் மடியில் இருந்தபோதுதான் உயிர் பிரிந்தது.

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வண்டி ஓட்டிய மாமாவுக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கும், பந்தலில் நின்று உழைத்த சபை இளைஞர்களுக்கும், அப்பாவின் மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. நான் பெயர்கூடக் கேட்காமல் விட்டுவந்த அந்த நூடுல்ஸ் கடைப் பெண்மணிக்கும் நன்றி. இதை அவர்கள் ஒருபோதும் படிக்கப்போவதில்லை.

கட்டுரையை எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்கள்.

“இதுல ஒண்ணு கொறையுது. அவிய பேச்சைக் கேட்டதுனாலதான் எம்பிள்ள உயிரோட இருக்குன்னு எழுது.”

“அம்மா, அந்தப் பஸ்ஸு நல்லபடியாத்தானே போய்ச் சேந்துச்சு.”

“எனக்குத் தெரியாதாட்டி? எழுதுன்னா எழுது.”

எழுதிவிட்டேன்.