முப்பத்திரண்டாம் பக்கம்

அந்தப் பக்கத்தைத் திருடியவள் நான்தான். அது தொலையவில்லை. அவள் வரைய மறக்கவும் இல்லை. நான்தான் எடுத்து ஒளித்தேன்!

உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். என் கணவருக்குக்கூடத் தெரியாது.

சான் ஹோசேயில் எங்கள் அபார்ட்மென்டின் எதிர் வீட்டுக்காரி மிச்சிகோ. பள்ளி மாணவிகள் படிக்கும் டோக்கியோ மாதப் பத்திரிகை ஒன்றில் பதினைந்து ஆண்டுகளாகப் படக்கதை வரைபவள். கணவனின் வேலைக்காக அமெரிக்கா வந்த பிறகும் தொடரை விடவில்லை. மாதம் முப்பத்திரண்டு பக்கங்கள் வரைந்து கூரியரில் அனுப்புவாள். அவள் மையால் வரைந்து முடித்ததும் அடியில் இருக்கும் பென்சில் கோடுகளை அழிப்பது என் வேலை.

நானோ கணவரின் விசாவை ஒட்டிக்கொண்டு வந்தவள். வேலை செய்ய எனக்கு அனுமதி கிடையாது. ஆனாலும் செய்தேன். நாளெல்லாம் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த மேசை வேண்டியிருந்தது...

"யாராச்சும் கேட்டா சும்மா ஹெல்ப் பண்றேன்னு சொல்லு. ஒருத்தர் கம்ப்ளைண்ட் பண்ணா போதும், க்ரீன் கார்டு அவ்ளோதான். மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்" என்பார் கணவர். அதன் பிறகு அழைப்பு மணி அடித்தால் கதவுத் துளை வழியாகப் பார்த்த பிறகுதான் திறப்பேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு அவசரமாக ஓடினேன். இரண்டு நாளாய் உறங்காத மிச்சிகோ, கடைசிப் பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து எல்லாவற்றையும் கூரியர்காரரிடம் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு சோபாவில் சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள்.

நல்ல வெயில். கையெல்லாம் வியர்வை. அழித்து முடித்துக் கையை எடுத்துப் பார்க்கிறேன்... அழுதுகொண்டிருக்கும் கதாநாயகியின் கன்னத்தில் மஞ்சளாக என் உள்ளங்கை!

ரப்பரால் தேய்த்தேன். மை பரவியது. இன்னும் தேய்த்தேன், காகிதம் பிசிறு தட்டியது. அவளை எழுப்பிச் சொல்லியிருக்கலாம் இல்லையா? கோபத்தில் யாரிடமாவது என்னைப் பற்றிச் சொல்லிவிட்டால்? எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டால்? ஒரு கறைக்கா இவ்வளவு பயம் என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், அவ்வளவு பயம்!

கூரியர்காரர் மணி அடித்தார். முப்பத்தொரு பக்கங்களை உறையிலிட்டுக் கொடுத்தேன். மீதி ஒன்று என் துப்பட்டாவுக்குள் இருந்தது.

சில நாட்களில் டோக்கியோவிலிருந்து தொலைபேசி வந்தது. முடிவைக் காணோம், மறுபடி வரைய நேரமும் இல்லை. அந்த மாதக் கதை முடிவில்லாமலே அச்சாயிற்று.

மிச்சிகோ என் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "சுதா, கடைசிப் பக்கத்தை நான் வரைந்தேனா? நீ பார்த்தாயா?" என்று திக்கித் திக்கி ஆங்கிலத்தில் கேட்டாள்.

பார்க்கவில்லை, மேசையில் முப்பத்தொன்றுதான் இருந்தது என்றேன்.

அவளுடைய அம்மா பெற்ற மகளின் பெயரையே ஐம்பது வயதில் மறந்தவர். வேலைக்கு நடுவே மிச்சிகோவே சொல்லியிருந்தாள். அது தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்... நான் என்ன மனுஷி!

அதன் பிறகு அவள் பக்கங்களை நாலு முறை எண்ணுவாள். பிறகு என்னை எண்ணச் சொல்வாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றார், அவள் நம்பவில்லை. நாலே மாதத்தில் தொடரைத் தானே நிறுத்திக்கொண்டு ஜப்பானுக்குத் திரும்பிவிட்டாள்.

எங்களுக்கு க்ரீன் கார்டு வந்தது. "இனிமே பயமே இல்ல, போ!" என்று கணவர் என் வாயில் லட்டைத் திணித்தார். அந்தக் கார்டு இருக்கும் ஃபைலின் அடியில்தான் அந்தப் பக்கமும் கிடக்கிறது. மஞ்சள் இன்னும் போகவில்லை.

இந்தப் புத்தாண்டுக்கு அவளிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. வழக்கமாக மூலையில் ஒரு சின்னப் பெண்ணை வரைவாள், இம்முறை வரையவில்லை. "இப்போதெல்லாம் அடுப்பை அணைத்தேனா என்றுகூட என்னை நம்ப முடியவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தில் அவள் அழுவதாக எனக்கு ஒரு ஞாபகம். உனக்கு?" என்று எழுதியிருந்தாள்.

பக்கத்தை எடுத்து எதிரில் வைத்துக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தேன். இம்முறை சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். அப்போது யாரோ மணி அடித்தார்கள்...

எதிர் வீட்டுக் குழந்தைதான். ஆனால் என் கை அதற்குள் பக்கத்தை ஃபைலுக்கு அடியில் தள்ளியிருந்தது.

எனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதி, நேற்று தபாலில் போட்டுவிட்டேன்.