நூறாம் எண் அறை

லாட்ஜில் கம்ப்யூட்டர் வேலை என்றால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பட்டன் தட்டுவது என்று ஊர் நினைக்கிறது. யாரோ எழுதியதைத் தட்டிவிட்டு அவருக்கான திட்டை நாம் வாங்குவதுதான் அந்த வேலை என்பது என்னைப் போல மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும். ஒன்றரை வயது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, செங்கம் ரோட்டிலிருந்த அந்த லாட்ஜுக்குப் போவேன். வேலை போய்விடுமோ என்ற பயமும் தினமும் என்னோடு ஆட்டோ ஏறும்.

பௌர்ணமிச் சீட்டு

பௌர்ணமிக்கு முந்தின நாள் முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து ஒரு பேட்ச் ஃபைல் அனுப்பினார். கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு, அவ்வளவுதான். பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து, நூறோடு ஒவ்வொன்றாகக் கூட்டி, ஆளுக்கொரு அறைச் சீட்டு அடிக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இதற்கெல்லாமா என்றார்.

மறுநாள் கிரிவலக் கூட்டத்தில் வந்த சீட்டைப் பார்க்காமல் கிழித்துக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு பேருக்கும் அறை எண் 100. எங்கள் அறைகளோ 101-இல்தான் ஆரம்பம். மூன்று மாடியும் ஏறி இறங்கிய வேலூர்க்காரர் ஒருவர் பையைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டுக் கேட்டார்: "நூறாம் நம்பர் ரூம் மலை மேல இருக்குதாம்மா?"

வெள்ளைத் தாள்

சாயங்காலம் முதலாளி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இந்த மாதத்தோடு நின்றுகொள்ளலாம் என்றும் சொன்னார். நான் படித்த கான்வென்ட்டில் கேட்டதற்கு எழுந்து நின்று பதில் சொல்லப் பழக்கினார்கள். எதிர்க்கேள்வி கேட்கப் பழக்கவில்லை. இருந்தாலும், எங்கே தப்பு என்று தெரியாமல் எழுத மாட்டேன், நாளை மதியம் வரை நேரம் வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா. தொட்டவங்கதான் பண்ணுவாங்க."

அடைப்புக்குறிக்கு வெளியே

மறுநாள் காலையிலேயே அந்தக் கோப்பைத் திறந்தேன். கூட்டும் வரியும் அச்சடிக்கும் வரியும் ஒரே அடைப்புக்குறிக்குள் இருந்தன. அது மூடிய பிறகு, எண்ணைக் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். உள்ளே பன்னிரண்டு தடவையும் 100. வெளியே வந்ததும் 112! கூட்டல் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் வேலையைத் தொடங்கும் முன்பே அடைப்புக்குறிக்குள் இருப்பதை மொத்தமாகப் படித்து, எண்ணுக்காகச் சதவீதக் குறி போட்ட இடத்திலெல்லாம் அப்போதிருந்த நூறை நிரப்பிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு கூட்டினாலும் சீட்டு திரும்பிப் பார்க்காது.

மருமகனுக்குப் போன் போட்டேன். கண்டதைச் சொன்னேன். அவர் சொன்னார்: "லாஜிக் சரியாத்தானே இருக்கு, சிஸ்டர்."

பொங்கல் பலகை

முதலாளிக்கு லாஜிக் வேண்டாம். எங்கள் மெஸ் வாசலில் தொங்கும் பலகையைக் காட்டினேன். காலை ஆறு மணிக்குப் பொங்கல் என்று எழுதிவிட்டால், பத்து மணிக்குத் தீர்ந்த பிறகும் பலகை பொங்கல் என்றுதான் சொல்லும். உங்கள் மருமகனின் சதவீதக் குறி அந்தப் பலகை என்றேன். ஒவ்வொரு தடவையும் அடுக்களையை எட்டிப் பார்த்துக் கேட்டுச் சொல்ல வேண்டுமானால், கோப்பின் தலையில் ஒரு அனுமதி வரி சேர்த்து, சதவீதக் குறி இருந்த இடத்தில் ஆச்சரியக்குறி போட வேண்டும். தட்டிக் காட்டினேன். 101, 102, 103.

மெஸ் மாஸ்டர் கரண்டியோடு வந்து நின்று சொன்னார்: "பத்து மணிக்குப் பொங்கல் கேக்கறவங்ககிட்ட திட்டு வாங்கறது நான்தான் சார். அந்தம்மா சொல்றது கரெக்ட்டு."

அந்த வெள்ளைத் தாளை நான் வீணாக்கவில்லை. திருத்திய கட்டளைகளை அதில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, கவுன்ட்டர் சுவரில் ஒட்டினேன். வேலையை விட்டு நிற்கும் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

காணாமல் போன குறி

அடுத்த பௌர்ணமிக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். தன் பெயரை 'ஜாய்!' என்று ஆச்சரியக்குறியோடுதான் எழுதுவார். அப்படியே பட்டியலில் ஏற்றினேன். புது ஏற்பாடு அந்தக் குறியைத் தனக்கானது என்று விழுங்கிவிட, சீட்டில் வெறும் ஜாய். பேனாவால் குறியைப் போட்டு நீட்டினேன். ஆசிரமத்துப் பக்கம் கற்ற தமிழில் அவர் சொன்னார்: "வேணாம்மா. கொஞ்ச நாளா நானும் வெறும் ஜாயாத்தான் இருக்கேன்."

மகள் தூங்கியதும் இதை எழுதுகிறேன்: பயம் எனக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் அதை முன்கூட்டியே எல்லா வரியிலும் நிரப்பி வைப்பதில்லை, அந்தந்த வரி வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.