தீனி நிறுத்திய நாட்கள்

தகரத் தொட்டியைக் கோழிகள் கொத்தும் சத்தம் இன்றும் என் காதைவிட்டுப் போகவில்லை. தொட்டியில் தீனி இருந்தால் அந்தச் சத்தம் தூறல் விழுவதுபோல மெத்தென்று கேட்கும். வெறும் தொட்டியானால் டக் டக்கென்று மண்டைக்குள் இறங்கும். கனகம்மாசத்திரம் தாண்டி, என் அக்காவின் கணவரான பாவா வைத்திருந்த முட்டைக்கோழிக் கொட்டகையில் அன்று கேட்டது வெறும் தகரத்தின் சத்தம்.

தீனி கலப்பது அக்காவின் வேலை. உடைத்த மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள், முட்டை ஓடு கெட்டிப்படக் கிளிஞ்சல் தூள். கையில் அள்ளி முகர்ந்து பார்த்தே பூசணம் பிடித்ததை ஒதுக்கிவிடுவாள். அதில் கையை விட்டுக் கலக்கும்போது கவலை மறந்துபோகிறது என்பாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை என்பதுதான் அவள் கவலை. மாமியார் முதலில் மாதக் கிருத்திகைக்கு மட்டும் விரதம் இருக்கச் சொன்னார். பிறகு சஷ்டி சேர்ந்தது, செவ்வாய்க்கிழமைகளும் சேர்ந்தன. திருத்தணிக்கு வந்தால் மலையேறிக் கும்பிட்டுவிட்டு, எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவாள். அம்மா தட்டோடு வாசல்வரை ஓடுவாள். ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டால் பாவாவுக்குத் தூக்கம் போய்விடும். பெண்டாட்டியின் கன்னம் ஒட்டிப்போனது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. நல்ல மனுஷர்தான், அதுதான் எனக்கு எரிச்சல்.

கோழிகளுக்கு வயதாகி முட்டை குறைந்தது. கொஞ்ச நாள் தீனியை நிறுத்தினால் இறகு உதிர்ந்து, புது இறகு முளைத்து, மறுபடி முட்டை வைக்கும் என்று யாரோ வியாபாரி சொல்ல, பாவா நிறுத்திவிட்டார். நான் போனது அந்த நாட்களில்தான். காலடிச் சத்தம் கேட்டதும் அத்தனை கழுத்தும் கம்பிக்கு வெளியே நீண்டன. அக்கா காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அன்று அவளுக்கும் விரதம்.

“பல்லக் கடிச்சிகினு இருக்கணும்மா, வேற வழி இல்ல,” என்றார் பாவா. சில கோழிகள் செத்தன. மீதிக்கு மறுபடி தீனி போட்டார்கள். அக்கா முன்பைவிடச் சத்தாகப் பார்த்துப் பார்த்துக் கலந்தாள்.

அடுத்த முறை நான் போனபோது கொட்டகையில் அட்டை அட்டையாக முட்டை. மாமியார் ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டினார். “பாத்தியாம்மா, வாயக் கட்டுனா கோழிக்கே பலன் கெடைக்குது. நீயும் இன்னும் ஒரு வேளைய விட்டுடு,” என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அக்கா அந்த முட்டையை வாங்கவில்லை. “அதுங்களுக்கு அப்பறம் தீனி போட்டீங்களே அத்தை. எனக்கு எப்ப போடுவீங்க?” என்றாள்.

பாவா கையிலிருந்த அட்டையை வைத்துவிட்டு உள்ளே போய், தானே சோறு போட்டு எடுத்துவந்தார். தட்டை அவள் கையில் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார். அக்கா இரண்டு வாய் வைத்தாள். மூன்றாவது இறங்கவில்லை.

இப்போது அவளுக்கு எந்த விரதமும் இல்லை. குழந்தைப் பேச்சையும் யாரும் எடுப்பதில்லை. மாமியாரே கெஞ்சுகிறார், பாவா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறார். டாக்டரும் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார். ஒரு பிடிக்கு மேல் அவளால் முடியவில்லை. நேற்றுப் போனில், “சாப்ட்டியாக்கா?” என்று கேட்டேன்.

“ஆங், சாப்ட்டேன்,” என்றாள்.

பொய் என்று எனக்குத் தெரியும். கோழிகள் சீக்கிரமே பழைய தீனிக்குத் திரும்பிவிட்டன. என் அக்கா இன்னும் திரும்பவில்லை.