பனியில் தெளித்த வாசல்

என்னை அழைத்துப் போகத்தான் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பொங்கல் ஒரு சாக்கு. கீழே நல்லேப்பிள்ளி ஊர் வெயிலில் வளர்ந்த எனக்கு மூணாறு மலையில் அது முதல் குளிர்காலம். வயிற்றில் ஏழு மாதம். குளிர் தாங்காமல் நான்தான் ஒருநாள் போனில் அழுது தொலைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டார் மனுஷன். "புள்ளையப் பெத்துட்டு அங்கயே இருக்கட்டும். வேணுமுன்னா மாப்பிள்ளை கீழ வரட்டும்" என்று வந்து இறங்கியதுமே சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். என் கணவர் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுபவர். கீழே வந்து எதை ஓட்டுவார்? வெளியே போய் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல். பிரசவத்துக்குப் போவது வேறு, ஒரேயடியாகப் போவது வேறு. அதை அப்பாவிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பொங்கலன்று விடியும்போது புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல உறைபனி. இதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். அம்மா எல்லோருக்கும் முன்னால் எழுந்து, ஊரில் செய்வதுபோலவே, ஒரு வாளித் தண்ணீரைச் சிமெண்டு வாசலில் விசிறித் தெளித்துவிட்டாள். ஈரவாசல் இல்லாமல் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பொங்கல் விடியாது. கோலப்பொடி எடுக்க உள்ளே வந்தவள், விறைத்த விரல்களை அடுப்பில் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உறைபனி நாளில் வாசலில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? எனக்கே தெரியாது.

வாசல் அடுப்பில் வைக்க நான் பால் பானையோடு படி இறங்கப் போனேன். விறகோடு எதிரே வந்த அத்தை, என் கணவரின் அம்மா, "ஏ தாயி, கால வைக்காத!" என்று அலறினார். விறகைப் போட்டுவிட்டு ஓடி வந்து என்னை உள்ளே தள்ளினார். பானை உருண்டது. நான் கதவில் சாய்ந்தேன்.

"எதுக்குங்க எம்புள்ளயத் தள்றீங்க?" என்று அப்பா பாய்ந்து வந்தார். பதில் சொல்ல அத்தை நின்றால்தானே? வழுக்கி, மொத்த உடம்பும் ஒரு கையின் மேல் விழக் கிடந்தார். வாசலில் கால் வைத்த அப்பாவும் சறுக்கி, நிலையைப் பிடித்துத் தொங்கினார். அப்புறம்தான் பார்த்தோம், வாசல் முழுக்க ஐஸ். அப்பாவின் கண் என் வயிற்றுக்குப் போனது.

"புள்ள அசையுதா தாயி?" கிடந்தபடியே அத்தை கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றுமே இல்லை. ஐயோ, எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கொஞ்சம் கழித்து ஓர் உதை. "அசையுதுங்க அத்தை" என்று சொல்லி ஓவென்று அழுதேன்.

என்னையும் அத்தையையும் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என் கணவர். எனக்கு ஒன்றுமில்லை. அத்தைக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு. தேயிலைக் கொழுந்து எடுக்கிற கை அது.

திரும்பி வந்தபோது உச்சி வெயில். அம்மா பற்ற வைக்காத அடுப்பின் முன்னால் அழுதுகொண்டிருந்தாள். "அவுங்க வராம எப்படிப் பொங்க வெக்கறது?"

அத்தை கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். "மயினி, சம்பந்தி வீட்டுக்காரக காலத்தான் வாருவாகன்னு சொல்லுவாக. நீங்க கையையே ஒடிச்சிட்டீகளே!"

அம்மா அழுகையும் சிரிப்புமாக அவரைக் கட்டிக்கொண்டாள். பொங்கல் பொங்கியதும் தானே உருட்டி ஊட்டிவிட்டாள். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவர் காரைக் கிளப்பினார். "நேரமாச்சு. பையெல்லாம் எடு" என்றார். அம்மா ஒரே ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுல உங்க துணி மட்டுந்தானுங்க இருக்குது. நாங்க வரலீங்க. அவுங்களுக்குக் கை கூடற வரைக்கும் நான் சோறாக்கோணும். பிரசவத்தையும் இங்கயே பாத்துக்கறோமுங்க."

அம்மா அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா என்னிடம் திரும்பினார். "நீ என்ன சாமி சொல்ற?"

"பாத்துப் போங்கப்பா" என்றேன். "எங்கூரு ரோடு வழுக்கும்."