அப்பா சொன்ன அரை மணி நேரம்

ஆறாம் வகுப்பில் எங்களைப் பரங்கிப்பேட்டைக்குப் பறவை பார்க்க அழைத்துப் போனார்கள். நான் கடலைப் பார்த்ததே அன்றுதான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் சிலர் வரலாம் என்று சார் சொன்னதும், அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட். சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் பம்பு அவர் பொறுப்பு.

ஆறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் வடிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் சேறு மின்னியது. கணுக்கால் அளவு ஓடிய ஓடையைக் கடந்து மணல்திட்டில் ஏறினோம்.

"இவ்ளோ தண்ணிய இறைக்க எத்தினி பம்பு ஓடணும் தெரியுமா?" என்று தோழிக்கு விளக்கினேன். எங்கள் ஊரில் தண்ணீர் தானாக வடிந்து நான் பார்த்ததில்லை. நிலாதான் இழுக்கிறது என்றார் சார். அப்பா முகத்தைப் பார்த்தேன். அவரும் நம்பியதாகத் தெரியவில்லை.

சேற்றில் உள்ளான் குருவிகள் ஷிப்டு முடிவதற்குள் வேலையை முடிக்க வேண்டியவை போலத் தலைநிமிராமல் கொத்திக்கொண்டிருந்தன. பைனாகுலர் ஒன்றே ஒன்று. பெயர் வரிசைப்படி கொடுத்தார்கள். என் பெயர் கடைசி.

எனக்கு முன்னால் ஏழு பேர் இருக்கும்போது, நீரேறும் நேரம் அச்சிட்ட தாளைப் பார்த்துவிட்டு, "போதும், கிளம்பலாம்" என்றார் சார். எனக்கு அழுகை முட்டியது.

அப்பா ஒரு சவுக்குக் குச்சியில் நகத்தால் கோடு கிழித்து, ஓடை ஓரம் நட்டு, குந்தி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் எழுந்து வந்தார்.

"இன்னும் அரை மணி நேரம் தாங்கும் சார். பத்து வருசமா தண்ணியத்தான் பாத்துகினு இருக்கிறேன்."

சார் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

என் முறை வந்தது. வளைந்த நீள அலகுடன் ஒரு பெரிய பறவை நண்டைப் பிடித்து உதறியது. கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்ததும் மொத்தமாக விழுங்கியது. இத்தனை பக்கத்தில் ஒரு பறவை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது ஓடை முழங்காலைத் தாண்டியிருந்தது. அப்பா எங்களை இரண்டிரண்டு பேராகத் தூக்கிக் கரை சேர்த்தார். அப்படியும் பாவாடையெல்லாம் ஈரம்.

"உங்கப்பா கணக்குல பெயிலு, புள்ள" என்றாள் தோழி.

"மைன்ஸ் தண்ணி வேற, கடல் தண்ணி வேறடி" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

ஆனாலும் எனக்குக் குறைதான். பஸ்ஸில் சாரிடம் அந்தத் தாளை வாங்கி, எந்தக் கட்டத்தில் தேதி, எந்தக் கட்டத்தில் நேரம் என்று அப்பாவுக்கு விரல் வைத்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

"அடுத்த தபா தப்பா சொல்லாதப்பா."

"சரி பாப்பா. தெரியாம போச்சு" என்றார் அப்பா, வேட்டியைப் பிழிந்துகொண்டே.

பத்து வருடம் தண்ணீரைப் பார்த்தவருக்கு அந்த ஓடை ஏறும் வேகமா தெரியாமல் போயிருக்கும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. பாடம் நடத்திய பெருமையில் வடலூர் வருவதற்குள் அவர் மடியிலேயே தூங்கிவிட்டேன்.