மழைக்கு விலாசம்

கொல்லிமலையில் ஓராண்டு ஊழியம் என்று எங்கள் கிறிஸ்தவ சபையின் தலைமை அலுவலகத்தில் சொன்னபோது எனக்கு இருபத்துமூன்று வயது. மலை என்றதும் ஸ்வெட்டர் வாங்கினேன், டார்ச் லைட் வாங்கினேன், அட்டை கடித்தால் போடுவதற்கு மருந்து வாங்கினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் சேர்த்து ஓர் எலுமிச்சம்பழம் வாங்க மட்டும் தோன்றவில்லை. பாதி மலை ஏறுவதற்குள் என் வயிறு என்னைக் கைவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண்மணி தன் காய்கறியை எல்லாம் மடியில் கொட்டிக்கொண்டு, காலியான பிளாஸ்டிக் பையை என் வாய்க்கு நேரே பிடித்தார். மலைமக்களுக்குச் சேவை செய்யப் போனவளுக்கு மலைமக்கள் செய்த முதல் சேவை அது.

அவர்தான் என் வீட்டுக்கார அக்கா என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஐம்பது வயது இருக்கும். தன் வீட்டின் முன்னறையை, நான் தங்குவதற்காக, எங்கள் சபைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கிறிஸ்தவர் இல்லை. அவருடைய முருகனும் நானும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்தோம். முதல் நாளே என்னை "சாமி" என்று கூப்பிட்டார். ஊழியக்காரிக்கு உரிய மரியாதை என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த நிமிடம் பக்கத்து வீட்டுக் குழந்தையையும், குதித்து ஓடிய ஆட்டுக்குட்டியையும் அதே பெயரில் கூப்பிட்டார். நான் மறுபடி சாதாரணமாக உட்கார்ந்தேன்.

என் வாரங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஓடின. திங்கள் முதல் வியாழன் வரை பகலில் வீடு சந்திப்பு, சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம். வீடு சந்திப்பு என்றால் நான் போய் ஆறுதல் சொல்வது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். இங்கே நான் போய் நின்றால் கையில் மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்து உரிக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை எனக்கு உபவாசம். அன்றைக்குப் பார்த்துத்தான் நான்கு வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவார்கள். ஞாயிறு தகரக் கொட்டகையில் ஆராதனை. சபை என்பது மொத்தம் நான்கு குடும்பம். சனிக்கிழமை பஸ் நிறுத்தத்துப் பலா மரத்தடிக்குப் போவேன். சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அது. அங்கே நின்றுதான் வாராந்தர அறிக்கையை அலுவலகத்துக்கு அனுப்புவேன், அப்பாவோடு பேசுவேன்.

அப்பா ராமநாதபுரம் ஜில்லாவில் மானாவாரியாக மிளகாய் போடுகிறவர். எங்கள் ஊரில் எந்த ஜெபமும் மழை கேட்காமல் முடியாது. கல்யாணமோ, பரீட்சையோ, புது சைக்கிளோ, எதற்கு ஜெபித்தாலும் கடைசியில் மழை வந்துவிடும். ஆமென்னுக்கு முந்தின ஸ்டேஷன் அதுதான். பேச ஆரம்பித்த வயதிலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம்.

அந்த வருடம் கார்த்திகைக்குப் பிறகு, தை பிறந்தும் அங்கே ஒரு சொட்டு இல்லை. பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள் வாடத் தொடங்கியிருந்தன. "ஒரே ஒரு மழை போதும்த்தா. செடி தப்பிச்சிரும்," என்றார் அப்பா போனில். "நீ அங்கன இருந்து கேளு. மலை மேலன்னா அவருக்குக் கிட்டக்க இருக்கும்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அப்பா கடன் கேட்கும்போதுகூட அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. தினமும் கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கொல்லிமலையில் அது மிளகு பறிக்கிற காலம். மரங்களில் ஏறிய கொடிகளிலிருந்து பச்சை மிளகைப் பறித்து உதிர்த்து, தார்ப்பாய் விரித்துக் காயப்போடுவார்கள். நாலைந்து நாள் நல்ல வெயில் கிடைத்தால் கறுத்துச் சுருங்கிவிடும். முதல் மிளகு காயப்போடும் அன்று அக்கா ஒரு கைப்பிடி எடுத்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். பிறகு என் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, நீங்களும் உங்காளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சா நல்லதுதானுங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆறு மாதத்தில் அவராகக் கேட்ட முதல் ஜெபம். தார்ப்பாய் அருகே நின்று கண்ணை மூடினேன். அவருடைய கை கால் சுகத்துக்கு, கோயமுத்தூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் அவர் வீட்டுக்காரருக்கு, கொடிகளுக்கு, ஒவ்வொரு மிளகுக்கும் ஜெபித்தேன். குரல் நன்றாக ஏறியது. ஏறின வேகத்தில், "ஏற்ற காலத்தில் மழையைக் கட்டளையிடும் ஆண்டவரே, தாமதிக்காமல் பெருமழையைத் தாரும், ஆமென்" என்று முடித்தேன்.

கண்ணைத் திறந்தால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழையா கேட்டீங்க?"

"பழக்கதோஷங்க்கா."

"மொளகு காயப்போட்டுட்டு மழை கேக்கறவங்கள நான் இப்பத்தான் பாக்கறேனுங்க," என்று சொல்லிவிட்டு, மேகம் இல்லாத வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அது திங்கட்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் மழை கொட்டியது.

தை மாதத்தில் அப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. அக்கா கீழே சரிவில் ஏணியில் நின்றிருந்தார். நான் ஓடிப்போய்த் தார்ப்பாயின் ஒரு முனையை இழுத்தேன். இழுத்த வேகத்தில் மறுமுனை வழியாகப் பாதி மிளகு சேற்றில் இறங்கியது. அவர் மூச்சிரைக்க ஏறி வருவதற்குள் எல்லாம் ஊறிவிட்டது. சபைக்காரர்கள் நான்கு குடும்பமும் பாறையில் காயப்போட்டிருந்தார்கள். அவர்களுக்கும் அதே கதி. திங்கட்கிழமை ஜெபத்தின் கடைசி வரி ஊருக்குள் எப்படியோ பரவியிருந்தது.

"கேட்டு மூணு நாளுதானுங்க ஆச்சு," என்றார் அக்கா, நனைந்த மிளகைக் கூடையில் அள்ளியபடி. "எங்க முருகன்கிட்ட ரெண்டு வருசமா ஒரு பாத்ரூம் கேட்டுட்டு இருக்கறேன். உங்காளு இத்தனை வெரசா இருப்பாருன்னு தெரிஞ்சிருந்தா உங்கள வாயே தொறக்க உட்டிருக்க மாட்டேன்."

என் ஜெபத்தை இவ்வளவு உறுதியாக அதுவரை யாரும் நம்பியதில்லை, நான் உட்பட. நம்பியவர் கோபத்தில் நம்பினார் என்பதுதான் சங்கடம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அரைகுறையாகக் காய்ந்த மிளகு நனைந்து கிடந்தால் பூஞ்சை பூத்துவிடும். ஒரு வருட உழைப்பு. வெள்ளிக்கிழமையும் வெயில் வரவில்லை. என் அறையைக் காலி செய்து தரையில் பரப்பினோம். போதவில்லை. கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆராதனைப் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு, எல்லோர் மிளகையும் கொட்டகைக்குள் தனித்தனியாகப் பரப்பி, சபையின் ஒரே ஃபேனைப் போட்டுவிட்டேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அன்று ஆண்டவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பிஷப்பே வந்திருந்தாலும் கையில் ஒரு முறத்தைக் கொடுத்திருப்பேன்.

சனிக்கிழமை பலா மரத்தடியில் அறிக்கையைத் திறந்தேன். கடைசிக் கட்டம்: ஜெபத்துக்குக் கிடைத்த பதில்கள். "மழை பெய்தது" என்று எழுதி அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் கைகூப்பிய படங்களோடு பதில் வந்தது: மகிமை! விரிவான சாட்சியாக எழுதவும், மாத இதழில் போடலாம்.

அடுத்து அப்பா. "இன்னும் நாலஞ்சு நாள் தாங்கும்த்தா," என்றார். "அதுக்கப்பறம் பூவெல்லாம் கொட்டிப்போகும். நீ கேக்குறியா?"

அவர் கேட்ட மழை இங்கே பெய்து தொலைத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? கேட்கிறேன்ப்பா என்று மட்டும் சொன்னேன். வழியெல்லாம் ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன். வேண்டும் என்கிறவன் செடி வாடுகிறது, வேண்டாம் என்கிறவள் மிளகு ஊறுகிறது. இதென்ன நியாயம் என்று சத்தமாகவே கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைய மிளகு. சபை சுவரோரமாக வரிசையாக நின்றது. உட்கார இடமில்லை. மிளகை யாராவது மிதித்துவிடப் போகிறார்கள் என்று காவலுக்கு அக்காவும் வந்து வாசலுக்குள்ளேயே நின்றுகொண்டார். ஆராதனைக்கு அவர் வந்தது அதுதான் முதல் முறை. நல்ல காரமான ஆராதனை. பாட்டுக்கு நடுவே தும்மல் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜெபம் முடியும் இடம் வந்தது. மூடியிருந்த என் கண்ணுக்கே தெரிந்தது, கொட்டகையில் ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை என்று. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான அந்த வரி தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். ஆமென் சொல்ல வாயெடுத்தேன், அதுவும் வரவில்லை. அப்பாவின் குரல்தான் காதில் கேட்டது. எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

"என்னாச்சுங்க சாமி?" அக்காவின் குரல்தான் முதலில் வந்தது.

சொன்னேன். அப்பாவின் மிளகாய், வாடுகிற பூ, நான்கைந்து நாள் கெடு, நான் கொடுத்த வாக்கு, எல்லாவற்றையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்.

அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? உங்கப்பாவுக்குன்னா கேட்டுத்தானுங்க ஆகோணும். ஆனா வெறும் மழை மழைன்னா அவரு என்ன பண்ணுவாரு? கேட்ட பக்கம் ஊத்திட்டாரு. விலாசம் சொல்லிக் கேளுங்க."

அவரே கைகூப்பி, கூரையைப் பார்த்து ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாரு சாமி. எங்களுக்குத் தண்ணி வேண்டாம். மலையை உட்டுக் கீழ எறங்கு. நாமக்கல்லு, திருச்சி, அப்படியே தெக்க போ. ராமநாதபுரம் ஜில்லா. இந்தப் புள்ளையோட அப்பன் மொளகாக் காடு. ஊர் பேரு என்னங்க சாமி?"

சொன்னேன். "எந்தத் தாலுக்கா?" என்று சுவரோரத்திலிருந்து ஒருவர் கேட்டார். அதையும் சொன்னேன். மிளகு நனைந்த நான்கு குடும்பமும் அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லி ஆமென் போட்டது.

திங்கட்கிழமை வெயில் அடித்தது. ஒரு கூடை மிளகு வெள்ளை பூத்துக் கெட்டுப்போனது, மற்றது பிழைத்தது. மிளகு வெளியே போனதோடு அக்காவும் கொட்டகைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். ஆனால் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் மணி ஆட்டும் சத்தம், பிறகு அக்காவின் குரல். முருகனிடமும் எங்கள் ஊர்ப் பெயர், தாலுக்கா, ஜில்லா எல்லாவற்றையும் பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். நான் போர்வைக்குள் அசையாமல் படுத்துக் கேட்டேன்.

வியாழக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை வரை பொறுக்காமல் பலா மரத்தடிக்கு ஓடினேன். போனை எடுத்ததும் அப்பா கத்தினார். மேற்கே பக்கத்து ஊரில் புதன்கிழமை ராத்திரி பெரிய மழையாம். எங்கள் ஊரில் தூறல் மட்டும். ஆனால் அங்கே பெய்த தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து எங்கள் கண்மாயில் முழங்கால் அளவு நிற்கிறதாம். மோட்டார் வைத்து மிளகாய்க்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். "தப்பிச்சிருச்சுத்தா, தப்பிச்சிருச்சு," என்று அதையே நாலைந்து தரம் சொன்னார்.

ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகம் மாறியது.

"பக்கத்து ஊர்லயா? சர்வே நம்பரும் கேட்டிருக்கோணுமுங்க."

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் கேட்டார். "மொளகாய எப்பங்க பறிப்பாங்க?"

"மாசியில ஆரம்பிப்பாங்கக்கா."

"பறிச்சு எங்க காயப்போடுவாங்க?"

"களத்துலதான். வெயில்ல."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். எதற்காகக் கேட்கிறார் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. இத்தனைக்கும் மிளகாய் விவசாயி மகள் நான்.

மறுநாள் விடியலில் சுவருக்கு அந்தப் பக்கம் மணி கேட்டது. ஜில்லா, தாலுக்கா, ஊர், எல்லாம் வரிசையாக வந்தது. பிறகு, "போதும் சாமி. பெஞ்சது போதும். இனி அங்க காயப்போடுற வரைக்கும் வெயில் மட்டும் குடு," என்றார் அக்கா.