என் கைக்கேற்ற எழுத்துகள்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தபோது, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் கம்ப்யூட்டரில் படம் வரையும் வேலையில் இருந்தேன். கட்டுப் பிரித்த பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் சொன்னபடி கேட்டன. மவுசு பிடியில் நிற்கவில்லை.

முதலாளி நல்ல மனிதர். அதுதான் சங்கடம்.

"ஏனுங்க அம்மணி, கைய எதுக்குச் சிரமப்படுத்தறீங்க? முன்னால உக்காந்து போன் எடுங்க. சம்பளம் அதேதான். படத்த அவரு பாத்துக்குவாரு" என்றார். அவர் என்பது என்னோடு படம் வரையும் இன்னொருவர்.

"படம் போடத்தானுங்க வந்தேன். படம்தான் போடுவேன்" என்றேன்.

அப்போதே மவுசை இடப்பக்கம் மாற்றினேன். கோடு எங்கெங்கோ போனது. ஒரு பின்கதவு வரைய அரை நாள் ஆயிற்று. முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகுதான் உறைத்தது, இத்தனை வருஷமும் திரையில் பட்டனைத் தேடித் தேடி அமுக்கியே காலத்தை ஓட்டியிருக்கிறேன் என்று. அதே வேலைகளை கீபோர்டில் எழுத்து தட்டியே செய்யலாம். எந்த எழுத்து எதைச் செய்ய வேண்டும் என்பதையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். சாப்ட்வேரின் உதவிப் பக்கங்களை வரி வரியாகப் படித்தேன். கோடு, வெட்டு, நகல் என ஓயாமல் வேண்டியதையெல்லாம் என் வலது கையின் இரண்டு விரலுக்கு எட்டும் எழுத்துகளுக்குக் கொண்டுவந்தேன். கதவுக் கொக்கியையும் கீலையும் ஒவ்வொரு லாரிக்கும் புதிதாக வரைந்துகொண்டிருந்தோம். அவற்றை ஒருமுறை வரைந்து சேமித்து, கூப்பிட்டால் வந்து நிற்கும்படி வைத்தேன்.

படம் வரையும் எங்கள் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். மறுநாள் காலை கூட வேலை பார்ப்பவர் முகம் சிவந்துவிட்டது.

"கோட்டுக்குண்டான எழுத்தத் தட்டுனா இருக்கறது அழியுதுங்க. என்னத்தப் பண்ணி வெச்சீங்க?"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "பழையபடி மாத்தீருங்க அம்மணி. பொது மெசினு."

"மாத்த மாட்டேனுங்க. அவருக்குத் தனி லாகின் போட்டுத் தாரேன். அவரு பழகுனது அவருக்கு, என்னுது எனக்கு."

முதலாளி என் கையைப் பார்த்தார். நான் அதை மேஜைக்கடியில் இழுத்துக்கொள்ளவில்லை.

"என்னமோ பண்ணுங்க" என்று போய்விட்டார்.

ஆடி கழிந்து, ஆத்தூரிலிருந்து ஒருவர் மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் லாரிக்குப் படம் பார்க்க வந்தார். பக்கப் பலகையின் உயரத்தைக் கூட்டச் சொன்னார். பிறகு பின்கதவை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் மாற்றி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் தாளைத்தான் பார்த்தார். என் கையைக் கவனிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கூட வேலை பார்ப்பவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், "நீங்க வெச்ச மாதிரியே எனக்கும் வெச்சுக் குடுக்கறீங்களா?"

"அது என் கைக்குப் பண்ணுனதுங்க. உங்களுக்குப் பத்து விரலும் வேலை செய்யுது. எது வசதியோ நீங்களே உக்காந்து பாருங்க. கொக்கி, கீலெல்லாம் வேணா எடுத்துக்குங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உதவிப் பக்கம் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டு, நான் வீட்டுக்குக் கிளம்பினேன்.